பீகோஸ் தே எவுரோபா: 2,650 மீட்டர் மலைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

வழிப்போக்கன்

வணக்கம். வேலை விஷயமாக மாட்ரிட்டில் இருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் விடுப்பு கிடைக்கும். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் வடக்கே பீகோஸ் தே எவுரோபாவுக்குப் போ என்கிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கிழக்கு மேற்காக 40 கிலோமீட்டர் வந்தால் அதிகம். உச்சியே 2,650 மீட்டர்தான். போன வருடம் சுவிட்சர்லாந்தில் 3,400 மீட்டருக்கு மேல் ரயிலிலேயே போய் காபி குடித்துவிட்டு வந்தவன் நான். இந்தச் சின்ன மலைக்கு ஐந்து நாளும் தேவையா, இல்லை இரண்டு நாளில் முடித்துவிட்டு கடற்கரைக்குப் போய்விடலாமா? அப்புறம், உர்ரியேயு என்று ஒரு சிகரத்தின் படம் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, அதுதானே உச்சி?

அளவுகோல்

இல்லை. உச்சி தோர்ரே தே செர்ரேதோ. உர்ரியேயு 2,519 மீட்டர்தான். செர்ரேதோவைவிட 130 மீட்டர் குட்டை. அதைவிட உயரமான சிகரங்கள் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன, ஆனால் அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. செர்ரேதோவுக்குப் பழைய வரைபடங்களில் 2,648 என்று இருக்கும், இப்போது 2,650 என்று போடுகிறார்கள். கந்தாப்ரிய மலைத்தொடர் முழுவதற்கும் அதுதான் உச்சி.

பள்ளத்தாக்கு

வழிப்போக்கன், கடல் மட்டத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள், அடிவாரத்திலிருந்து போடுங்கள். செர்ரேதோவுக்கு மேற்கே காயின் என்று ஒரு சிற்றூர், காரெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து செர்ரேதோ உச்சி நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் 2,000 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுகிறது. உங்கள் சுவிஸ் ரயில் நிலையத்தில் காபி குடிக்கும்போது கழுத்து வலிக்காது. காயினில் நின்றால் வலிக்கும்.

வடக்கே கடல் 20, 30 கிலோமீட்டரில் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாலுமிகளின் கண்ணில் ஐரோப்பாவில் முதலில் பட்ட மலை இது, அதனால்தான் 'ஐரோப்பாவின் சிகரங்கள்' என்று பெயர் என்பார்கள். கதையாக இருக்கலாம். ஆனால் தெளிந்த நாளில் கடற்கரையில் நின்று பார்த்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றும்.

வழிப்போக்கன்

சரி, கொஞ்சம் அடங்கினேன். 'மூன்று தொகுதி' என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது என்ன? ஒரே மலைதானே?

அளவுகோல்

ஆறுகள் வெட்டிய மூன்று துண்டு. மேற்கு எல்லை செய்யா ஆறு, கிழக்கு எல்லை தேவா ஆறு. இடையில் காரெஸ் ஒரு வெட்டு, தூஹே ஒரு வெட்டு. செய்யாவுக்கும் காரெஸுக்கும் நடுவே மேற்குத் தொகுதி, அதை கோர்னியோன் என்பார்கள், அதன் தலை பென்யா சாந்தா, 2,596. காரெஸுக்கும் தூஹேவுக்கும் நடுவே ஊர்ரியேலெஸ். செர்ரேதோ, உர்ரியேயு எல்லாம் அங்கேதான். 2,600-ஐத் தாண்டும் சிகரம் ஒன்றுகூட இந்த நடுத் தொகுதிக்கு வெளியே கிடையாது. தூஹேவுக்குக் கிழக்கே ஆந்தரா, அது சிறியது, உச்சி மொர்ரா தே லெச்சுகாலெஸ், 2,444 சுமார்.

அரசியல் எல்லையும் மூன்றுதான், ஆனால் இது வேறு மூன்று. அஸ்தூரியாஸ், லெயோன், கந்தாப்ரியா. நடுத் தொகுதியில் தெசொரேரோ என்ற 2,570 மீட்டர் சிகரத்தின் தலையில் மூன்று எல்லையும் வந்து முட்டுகின்றன.

சுண்ணாம்புக்காரி

ஆறு வெட்டிய துண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தத் துண்டுகளுக்கு மேலே ஏன் ஒரு ஓடைகூட இல்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. இந்த மலையின் விஷயமே அதுதான். சுண்ணாம்புப் பாறைக் குகைகளில்தான் என் ஆராய்ச்சிப் படிப்பு போனது, பீகோஸில் இரண்டு கோடைகாலம் களப்பணி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாறை 30 கோடி ஆண்டுக்கு முந்தையது, கார்பானிஃபெரஸ் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெப்பமண்டலத்து ஆழமற்ற கடலில் உயிரினங்களின் ஓடும் சேறும் படிந்து படிந்து உண்டானது. பார்த்தால் ஒரு கிலோமீட்டர் தடிமனுக்கும் மேல் இருக்கும். பிறகு நிலத்தட்டுகள் நெருக்கியபோது அது பலகை பலகையாக உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஓட்டின் நுனி அடுத்த ஓட்டின் மேல் ஏறியிருக்குமே, அதே அடுக்கு. பல கோடி ஆண்டு கழித்து, பிரனீஸ் மலையைத் தூக்கிய அதே நெருக்கல் இந்தக் கூரையையும் மேலே தூக்கியது. ஆக, இங்கே சுண்ணாம்புக்கல் ஒரு மெல்லிய போர்வை இல்லை. உச்சியிலிருந்து ஆற்றுப்படுகை வரை ஏறக்குறைய அது மட்டும்தான்.

இப்போது தண்ணீர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. எலுமிச்சைச் சாறு சுண்ணாம்புக்கல்லில் பட்டால் நுரைக்கும் இல்லையா, அதேதான், ஆனால் மிக மிக மெதுவாக. பாறையில் விரிசல் இருந்தால் அது அகலும். அகன்ற விரிசலில் இன்னும் அதிகத் தண்ணீர் இறங்கும், அது மேலும் அகலும். பனியாறுகள் வேறு ஒரு காலத்தில் இந்த உயரத்தைக் குடைந்துவிட்டுப் போயின. விளைவு என்னவென்றால், மேல்தளம் முழுக்க மூடிய பள்ளங்கள். நான்கு பக்கமும் மேடு, வெளியே போக வழி இல்லை, நடுவில் ஒரு குழி. உள்ளூரில் அதை 'ஹோ' என்கிறார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் பணியாரச் சட்டி மாதிரி இருக்கும். வேறு எந்த மலையாக இருந்தாலும் அந்தக் குழி ஒவ்வொன்றும் ஏரியாகி இருக்கும். இங்கே சட்டி ஓட்டை. விழுகிற மழையும் உருகுகிற பனியும் அப்படியே உள்ளே போய்விடும்.

அதனால்தான் கடலை ஒட்டிய, மூடுபனி மூடிக் கிடக்கிற, மழைக்குப் பஞ்சமே இல்லாத இந்த மலையின் மேல்பகுதியில் நடப்பவர்கள் தாகத்தில் வதைபடுவார்கள். என் முதல் வருடத்தில் ஒன்றரை லிட்டர் போதும் என்று போய், மதியம் பாறை இடுக்கில் கிடந்த அழுக்குப் பனியைச் சுரண்டிச் சட்டியில் உருக்கிக் குடித்தேன். முகத்தில் மூடுபனியின் ஈரம், தொண்டையில் வறட்சி.

மோர்க்குழம்பு

அக்கா, அப்படியானால் அந்த இரண்டு ஏரி? கோவதோங்கா ஏரிகள் என்று மாடு மேய்கிற படம் எல்லா நாட்காட்டியிலும் வருகிறதே. சட்டி ஓட்டை என்றால் அங்கே மட்டும் தண்ணீர் எப்படி நிற்கிறது?

சுண்ணாம்புக்காரி

நல்ல கேள்வி. எனோல், எர்சீனா இரண்டும் 1,000 மீட்டருக்குச் சற்று மேலே, மேற்குத் தொகுதியில் இருக்கின்றன. பனியாறு அரைத்துத் தள்ளிய களிமண்ணும் கற்குப்பையும் குழியின் அடியைப் பூசி அடைத்துவிட்டன. ஓட்டைச் சட்டியை மண் வைத்து அடைத்த மாதிரி. பூச்சு விட்டுப்போனால் ஏரியும் போய்விடும். ஆந்தரா பக்கம் அப்படித்தான் ஒரு ஏரி போயிற்று. துத்தநாகமும் ஈயமும் எடுக்கச் சுரங்கம் தோண்டினார்கள், ஏரி வடிந்துவிட்டது, இப்போது மிஞ்சியிருப்பது ஒரு குட்டை.

சுரங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆலிவா மேய்ச்சல் வெளியில் இருந்த சுரங்கத்தில் கிடைத்த துத்தநாகத் தாது ரத்தினக்கல் சேகரிப்பவர்களிடையே பிரபலம். வெல்லப்பாகு நிறம், ஒளி ஊடுருவும். ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்தேன். தாது என்று நம்பவே முடியவில்லை, கமர்கட்டு மாதிரி இருந்தது.

பள்ளத்தாக்கு

உள்ளே போகிற தண்ணீர் எங்கே வருகிறது என்பதையும் சொல்லுங்கள். காரெஸ் பள்ளத்தாக்கில் நடந்தபோது பாறைச் சுவரின் அடியிலிருந்து ஊற்று பீறிட்டு வந்ததைப் பார்த்தேன்.

சுண்ணாம்புக்காரி

அதுதான். மேலே மறைந்தது கீழே வருகிறது. நடுவில் அது போகும் வழிதான் குகை. செங்குத்துக் கிணறுகளாக இறங்கும், கிடையாக ஓடும் பகுதி குறைவு. ஸ்பெயினின் மிக ஆழமான குகை நடுத் தொகுதியில் இருக்கிறது, தோர்கா தெல் செர்ரோ தெல் குவெவோன், 1,589 மீட்டர். 1,400 மீட்டரைத் தாண்டும் இன்னொன்று, திராவே என்று, அதே தொகுதியில். மேற்குத் தொகுதியில் 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குகைக் கழகத்தார் ஷீத்து என்ற குகையில் 1,100 மீட்டருக்கும் கீழே போனார்கள். அந்தத் தண்ணீர் வெளியே வருவது காரெஸ் பள்ளத்தாக்கில்.

மலையின் உயரம் 2,650, அதன் வயிற்றுக்குள் கயிற்றில் இறங்கக்கூடிய ஆழம் 1,589. சிகரத்தை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

அளவுகோல்

அக்கா சொன்னது சரி என்றாலும், சிகரங்களை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரம் இருநூறுக்கு மேல் இருக்கிறது, இவ்வளவு சின்ன இடத்தில்.

சுண்ணாம்புக்காரி

ஏன் இருநூறு என்று யோசித்தீர்களா? குழிகளுக்கு நடுவே மிஞ்சிய விளிம்புகள்தான் உங்கள் சிகரங்கள். குழிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அளவுகோல்

😀 ஒப்புக்கொள்கிறேன். பாதி.

கயிறுகட்டி

தாமதமாக வருகிறேன். உர்ரியேயு பற்றி இன்னும் யாரும் உருப்படியாகப் பேசவில்லையே. வழிப்போக்கன், வரைபடத்தில் அது 'நாரன்ஹோ தே புல்னெஸ்' என்று இருக்கும். நாரன்ஹோ என்றால் ஆரஞ்சு மரம். அந்தி வெயிலில் மேற்குச் சுவர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். ஆனால் அடிவாரத்து ஊர்க்காரர்களிடம் நாரன்ஹோ என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது பீக்கு உர்ரியேயு.

அதன் தலைக்கு நடந்துபோகும் பாதை கிடையாது. மிக எளிதான பக்கமும் கயிறு கட்டித்தான். 1904 ஆகஸ்ட் 5 வரை யாரும் ஏறியதாகப் பதிவு இல்லை. அன்று ஏறியவர்கள் இருவர். ஒருவர் பேத்ரோ பிதால், பிரபு, வேட்டைப் பிரியர், அரசியல்வாதி. வெளிநாட்டார் யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. லண்டன் கயிறு வாங்கினார். இன்னொருவர் கிரெகோரியோ பெரெஸ், காயின் ஊர் இடையர். எல் காயினேஹோ என்பார்கள், 'காயின்காரர்'. அந்தப் பாறையில் முன்னால் ஏறியவர் காயின்காரர், பின்னால் கயிற்றில் வந்தவர் பிரபு.

1906-ல் குஸ்தாவ் ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் தனியாகவே ஏறினார். அவர் நிலவியலாளர், சுண்ணாம்புக்காரி அக்காவின் ஜாதி. மேற்குச் சுவர் மட்டும், கிட்டத்தட்ட 500 மீட்டர் செங்குத்து, 1962 வரை யாருக்கும் வசப்படவில்லை. ரபாதா, நவார்ரோ என்ற இரண்டு அரகோன்காரர்கள் பல இரவுகள் சுவரிலேயே தங்கி ஏறி முடித்தார்கள். அடுத்த வருடமே இருவரும் சுவிட்சர்லாந்தின் ஐகர் வடக்குச் சுவரில் இறந்துபோனார்கள்.

மோர்க்குழம்பு

லண்டன் கயிறு, உள்ளூர் கால். பெயர் மட்டும் பிரபுவுக்கு.

கயிறுகட்டி

அப்படி முழுசாகச் சொல்லிவிட முடியாது. அங்கே இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அப்புறம் பிதால் ஏறியதோடு நிற்கவில்லை. 1916-ல் ஸ்பெயினின் தேசியப் பூங்காச் சட்டத்தைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருக்கு. 1918 ஜூலையில் மேற்குத் தொகுதி கோவதோங்கா என்ற பெயரில் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. மூன்று தொகுதியும் சேர்ந்து இன்றைய பூங்காவானது 1995-ல்தான். அதாவது உர்ரியேயு நிற்கிற நடுத் தொகுதி, அவர் முதலில் வாங்கிய பூங்காவுக்குள் இல்லை! பிதாலைப் புதைத்திருப்பதும் மேற்குத் தொகுதியில், ஒர்தியாலெஸ் என்ற பாறை விளிம்பில். அங்கிருந்து கீழே பார்த்தால் எனக்கு வயிறு கலங்கியது, நான் கயிறு கட்டிப் பழகியவன்.

பள்ளத்தாக்கு

ஏறத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு வருவோம். வழிப்போக்கன், நான் மனைவியோடும் 64 வயது மாமியாரோடும் போனேன். தெற்கே ஃபுவெந்தே தே என்ற இடத்தில் ரோப் கார் இருக்கிறது. 1966-ல் போட்டது, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 753 மீட்டர் உயரம் நான்கு நிமிடத்துக்குள் தூக்கிப் போய்விடும். மேலே 1,800-ஐத் தாண்டிய உயரத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அக்கா சொன்ன பணியாரச் சட்டி தெரியும். மாமியார் பார்த்துவிட்டு, "இது என்ன, சாம்பலைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கு" என்றார். அந்த வெள்ளைச் சாம்பல் நிறத்தைப் படங்கள் சரியாகக் காட்டுவதில்லை.

அங்கிருந்து இன்னும் நடந்தால் கபான்யா வெரோனிகா என்ற குட்டிக் குடில், 2,325 மீட்டரில். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை உடைத்தபோது அதன் பீரங்கிக் கூண்டை எடுத்துவந்து 1961-ல் மலைமேல் வைத்துவிட்டார்கள். உள்ளே நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும்.

காரெஸ் பாதை வேறு ரகம். போன்செபோஸிலிருந்து காயின் வரை சுமார் 12 கிலோமீட்டர், போன வழியே திரும்ப வேண்டும். நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயைப் பராமரிக்கப் பாறையில் செதுக்கிய பாதை அது. கைப்பிடி பெரும்பாலும் கிடையாது. கோடையில் போனால் ரங்கநாதன் தெருதான். செப்டம்பர் கடைசி, காலை ஏழரைக்குத் தொடங்கினால் தப்பிக்கலாம்.

மோர்க்குழம்பு

போன்செபோஸ் வரை போகிறவர் புல்னெஸ் ஊரையும் பார்க்கட்டுமே. சாலையே இல்லாத ஊர். 2001-ல் மலைக்குள் சுரங்கம் குடைந்து 2.2 கிலோமீட்டர் இழுவை ரயில் போட்டார்கள்.

கயிறுகட்டி

அந்த ரயில் வந்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. நடந்தால் ஒன்றரை மணி நேரம். நடக்காமல் வருகிற கூட்டம் சாப்பிட்டுவிட்டுக் குப்பையோடு போகிறது.

பள்ளத்தாக்கு

உங்களுக்கு அது வருடத்தில் ஒரு நாள் நடை. பனிக்காலத்தில் பிரசவ வலி வந்தால் அந்த ஊர்ப் பெண் என்ன செய்வாள்? பாதையில் இன்றும் நடக்கலாம், யாரும் பூட்டவில்லை. ரயில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம் இருவருக்கும் இல்லை.

கயிறுகட்டி

சரி. ரயிலை விடுங்கள், குப்பையைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மோர்க்குழம்பு

நான் வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: கப்ராலெஸ் பாலாடைக்கட்டி. அதுவும் இந்தச் சுண்ணாம்புக்கல்லின் குழந்தைதான். பசும்பாலில், சில சமயம் செம்மறியாட்டுப்பாலும் வெள்ளாட்டுப்பாலும் சேர்த்துச் செய்து, மலைக் குகைகளில் மாதக்கணக்கில் வைப்பார்கள். பாறை விரிசல் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே எட்டு முதல் பன்னிரண்டு டிகிரிதான். அந்தக் காற்றில் வாழும் பூஞ்சை கட்டிக்குள் நீலப் பச்சையாக ஓடும். முன்பெல்லாம் மரத்து இலையில் சுற்றி விற்பார்கள். வாசனைக்கு நான் பொறுப்பில்லை. ஒரு துண்டு வாங்கி வந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன், மறுநாள் பால் பாக்கெட்டைத் திறந்தால் பாலும் அதே வாசனை. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

சுண்ணாம்புக்காரி

விரிசல் அகலாமல் இருந்தால் அந்தக் காற்றும் இல்லை, அந்தக் கட்டியும் இல்லை. வழிப்போக்கன், இரண்டு விஷயம். தெற்கே லியேபானா பள்ளத்தாக்கில், போத்தெஸ் ஊரில் தங்குங்கள். மலை வடக்கத்தி மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே திராட்சை விளையும். வடக்கே நாள் முழுக்க மூடுபனி என்றாலும் தெற்கே வெயில் இருக்கும். பிறகு, மூடுபனி இறங்கினால் மேல்தளத்தில் நடக்காதீர்கள், திரும்பிவிடுங்கள். மற்ற மலையில் வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கலாம். இங்கே பிடிக்க ஓடை கிடையாது. இறக்கத்தில் போனால் குழிக்குள்தான் போவீர்கள்.

வழிப்போக்கன்

அக்டோபர் 4. போய்வந்துவிட்டேன், ஐந்து நாளும் அங்கேதான். கடற்கரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தேவா ஆற்றோடு 21 கிலோமீட்டர் எர்மீதா பள்ளத்தாக்கு வழியாக உள்ளே போனோம். பேருந்துச் சன்னலில் வானம் ஒரு ரிப்பன் அளவுதான் தெரிந்தது. காரெஸ் ஒரு நாள், ரோப் கார் ஒரு நாள். நான்காம் நாள் உர்ரியேயு அடிவாரக் குடிலில் இரவு தங்கினேன், 1,953 மீட்டர். அந்தியில் சுவர் ஆரஞ்சாகும் என்று கயிறுகட்டி எழுதியதை நம்பி வெளியிலேயே காத்திருந்தேன். ஏழரை மணிக்கு மேற்கே மேகம் கொஞ்சம் விலகி, பத்து நிமிடம் ஆயிற்று. குடிலுக்குள் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிண்ணத்தோடு வெளியே வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை கொஞ்சம் மேலே ஏறி ஒரு ஹோவின் விளிம்பில் உட்கார்ந்தேன். அடியில் அழுக்குப் பனி ஒரு திட்டு. பனியின் ஓரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது, ஆனால் எங்கே பார்த்தாலும் ஈரம் இல்லை. என்னிடம் மூன்று லிட்டர் இருந்தது. அக்காவுக்கு நன்றி.

அளவுகோல்

செர்ரேதோ பார்த்தீர்களா? எந்த உயரம் போட்டிருக்கிறது அங்கே?

வழிப்போக்கன்

கடைசி நாள் முழுக்க மேகத்துக்குள் இருந்தது. உயரம் என்ன, மலையே தெரியவில்லை.